சூலூர், பல்லடம் பூங்காக்களும் சங்கச் சந்தாவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூலூரிலும் பல்லடத்திலும் வரவிருக்கும், சிப் தயாரிக்கும் செமிகண்டக்டர் இயந்திரங்களின் உற்பத்திப் பூங்காக்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தலா 100 ஏக்கர் நிலம், தமிழக அரசின் 500 கோடி ரூபாய் திட்டம், கோவைப் பட்டறைகளின் திறமை என்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் இந்தத் தொழிலுக்குள் புதிதாக நுழைகிற சிறு நிறுவனம் எந்தச் சங்கத்தில் சேர வேண்டும், சேர்ந்து என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கணபதியில், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிறிய சிஎன்சி பட்டறை நடத்துகிறவன் நான். எங்களைப் போன்றவர்களுக்கு நிலத்தைவிட இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

சங்கம் என்றதும் ஆண்டுச் சந்தா, சுவரில் மாட்டும் சான்றிதழ், கண்காட்சி ஸ்டாலுக்குக் கொஞ்சம் தள்ளுபடி, இவைதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். செமிகண்டக்டர் தொழிலில் சங்கம் செய்த வேலை வேறு. சிப் ஆலைகளுக்கு இயந்திரமும் மூலப்பொருளும் விற்ற அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து 1970இல் ‘செமி’ என்ற சங்கத்தைத் தொடங்கின. அந்தக் காலத்தில், சிப்புக்கு அடித்தளமான மெல்லிய சிலிக்கான் வில்லைக்கு, அதாவது வேஃபருக்கு மட்டும் 2,000க்கும் மேற்பட்ட விவரக்குறிப்புகள் புழக்கத்தில் இருந்தன. ஆளாளுக்கு ஒரு அளவு, ஒரு தடிமன் கேட்டார்கள். ஒருவருக்காகச் செய்த சரக்கை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. 1973 முதல் செமி கொண்டுவந்த தரநிலைகள்தான் இந்தச் சிக்கலை அவிழ்த்தன. விற்பவரும் வாங்குபவரும், ஒருவருக்கொருவர் போட்டியாளர்களும், ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடித்த காரியம் அது.

அந்தத் தரநிலைகள் இன்று வேஃபரோடு நிற்கவில்லை. மின்னழுத்தம் 0.2 விநாடி பாதியாகக் குறைந்தாலும் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும் என்கிறது எஃப்47 என்ற தரநிலை. இயந்திரங்களின் பாதுகாப்புக்கு எஸ்2 இருக்கிறது. வாயுவும் ரசாயனமும் தொடுகிற எஃகுப் பரப்பின் தன்மைக்கும், இயந்திரம் ஆலைக் கணினியோடு தகவல் பரிமாறும் முறைக்கும் தனித்தனி ஆவணங்கள் உண்டு. மோட்டார், பம்ப், வால்வு, கன்ட்ரோல் பேனல் செய்கிற ஊருக்கு இவை அத்தனையும் நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. கொள்முதல் ஆர்டரில் தரநிலையின் எண் மட்டும்தான் இருக்கும். அதன் பின்னால் உள்ள பக்கங்களை முன்பே படித்துப் புரிந்துகொண்டவருக்குத்தான் விலை சொல்லவே தைரியம் வரும்.

செமியின் தரநிலைக் குழுக்களில் பங்கேற்கக் கட்டணம் கிடையாது, பதிவு செய்தால் போதும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தரநிலை ஆவணங்களுக்கும் நிறுவன உறுப்பினர் சந்தாவுக்கும்தான் பணம். ஆகவே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு எந்தக் கூட்டத்துக்கும் போகாத உறுப்பினரைவிட, குழுவில் உட்கார்ந்து வாதாடுகிற இன்ஜினியர் அதிகம் பெறுகிறார். சந்தாவின் மதிப்பு நாம் அனுப்புகிற ஆளைப் பொறுத்தது என்பதே என் கருத்து.

அரசிடம் வாதாடுவதும் சங்கத்தின் வேலைதான். இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் உள்ளிட்டோர் 1977இல் தொடங்கிய அமெரிக்க செமிகண்டக்டர் தொழில் சங்கம் 1985இல் ஜப்பானுக்கு எதிராக அளித்த வர்த்தகப் புகார், அடுத்த ஆண்டே இரு நாட்டு ஒப்பந்தத்தில் முடிந்தது. ஆனால் அது பெரிய கம்பெனிகளின் ஆட்டம். பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அதனால் ஆர்டர் வந்துவிடாது. 1992இல் அதே சங்கம் முன்னின்று போட்ட தொழில்நுட்ப வரைபடம்தான் எங்களுக்குப் பாடம். வரும் ஆண்டுகளில் எவ்வளவு நுணுக்கம் தேவைப்படும் என்று அது முன்கூட்டியே சொன்னது. பாகம் செய்கிறவர் எந்த இயந்திரத்தில் முதலீடு செய்யலாம் என்று யோசிக்க அவகாசம் கிடைத்தது.

கோவைக்கு இது புதிதல்ல. 1933இல் ஆலைகளின் சங்கமான சைமா, 1969இல் சிறுதொழில் சங்கமான கொடிசியா என்று சங்கம் கட்டி வளர்ந்த ஊர் இது. நூல் விற்பனையில் போட்டி போட்ட ஆலைகள்தான் 1956இல் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கும் துணை நின்றன. அப்புறம் ஏன் செமிகண்டக்டருக்கு மட்டும் ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாக மோத வேண்டும்?

தமிழக அரசு தன் திட்ட நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, குறு, சிறு நிறுவனங்களுக்கு முதல் மூன்று ஆண்டுச் சந்தாவில் பாதியைத் தர வேண்டும். தரநிலை ஆவணங்களைப் பொதுவில் படிக்க முறையான உரிமம் பெற்று கொடிசியா வளாகத்தில் ஓர் இடம் அமைக்கலாம். அங்கே மாதம் ஒருநாள் ஒரு தரநிலையை எடுத்துக்கொண்டு, லேத்தில் நிற்பவருக்கும் புரிகிற தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். பூங்காவில் கட்டடம் எழும்பும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் இயந்திர நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளைச் சந்தித்து, எந்தெந்தத் தரநிலைகளைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதினால், எங்களைப் போன்ற பலருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறுதொழில் வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.