கொட்டகையில் நிற்கும் பழைய காரைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடாத பழைய கார்களைக் கணக்கெடுத்து உடைப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வெளியான கடிதத்தைப் படித்தேன். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பற்றி அந்த வாசகர் எழுதியிருப்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வீட்டுக் கொட்டகைகளில் பாதி பிரித்த நிலையில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையும் அவர் அதே பட்டியலில் சேர்த்திருப்பதை ஏற்க இயலவில்லை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நான், பிள்ளைகளின் படிப்பு, வீடு கட்டும் வேலை என்று பல ஆண்டுகள் தொடாமல் விட்டிருந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சீரமைக்கும் பணிக்கு இப்போது மீண்டும் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தின் பேரில், இத்தகைய கார்களுக்கு உயிர் கொடுக்க இந்த ஊரிலேயே வழி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஸ்பிட்ஃபயர் பிறந்த கதையே கைவிட்ட வேலைக்குத் திரும்பிய கதைதான். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவாக்கிய அதன் மாதிரி வண்டி, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் பண நெருக்கடியில் தவித்த காலத்தில், தொழிற்சாலையின் ஒரு மூலையில் தூசித் துணியால் மூடப்பட்டுக் கிடந்தது. 1961-இல் அந்நிறுவனத்தை லேலண்டு வாங்கிய பிறகு, இருப்பைப் பார்வையிட வந்த அதிகாரிகள் துணியை விலக்கிப் பார்த்து, உற்பத்திக்கு உடனே ஒப்புதல் அளித்தனர். 1962-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கார் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரானது. அன்று அந்த மூலையைக் காலி செய்யும் பொறுப்பு வேறு யாரிடமாவது இருந்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட உருவாகியிருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காருடன் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. ஸ்பிட்ஃபயரின் அடிப்படை டிரையம்ஃப் ஹெரால்டு. அந்த ஹெரால்டைத்தான் சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. நம் வீதிகளில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிச் சென்ற அந்தக் குடும்பக் காரின் முன்சக்கரத் தாங்கமைப்பு, ஸ்டீயரிங் ராக், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் பல உறுப்புகள் ஸ்பிட்ஃபயரின் உறுப்புகளோடு ஒத்தவை. எல்லாமே பொருந்திவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. நம் ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி., தொடக்க கால ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் 1147 சி.சி.; இரண்டும் ஒரே வம்சத்தில் வந்தவை, பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமும் இரண்டிலும் 76 மில்லிமீட்டர்தான் என்றாலும், சிலிண்டரின் விட்டம் ஒன்றில் 63, மற்றொன்றில் 69.3 மில்லிமீட்டர் என்பதால் பிஸ்டனை மாற்றிப் போட இயலாது. இது போன்ற விவரங்களை அளவெடுத்துத் தெரிந்துகொண்ட பிறகு சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ பழைய ஹெரால்டின் உதிரிப் பாகங்களைத் தேடினால், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியவற்றின் பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

நீண்ட இடைவெளிக்குப் பின் இப்படிப்பட்ட வேலைக்குத் திரும்புவோர் முதலில் எஞ்சினை ஓடவைத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஸ்பிட்ஃபயரைப் பொறுத்தவரை பாடியின் அடிப்பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹெரால்டின் சேஸிஸில், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், இருபுறமும் நீளும் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் நடுவே முதுகெலும்பு போல ஓடும் சட்டம் மட்டுமே இருப்பதால், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் பெட்டி போன்ற தகடுகளே காரின் விறைப்பைத் தாங்குகின்றன. பின்சக்கரங்களை நிலைநிறுத்தும் கைகளும் பாடியில்தான் பிணைக்கப்பட்டுள்ளன. சில் துருப்பிடித்த ஓர் ஓப்பன் காரை அப்படியே ஜாக்கியில் தூக்கி, அழுகிய தகட்டை அறுத்து எறிந்தால், பாடி நடுவில் தொய்ந்துவிடும். அதன் பிறகு புதுத் தகட்டை எவ்வளவு நேர்த்தியாக வெல்டிங் செய்தாலும் கதவு மூடாது. ஆகவே அறுப்பதற்கு முன்பே கதவு வாயிலின் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து இறுக்கி, இடைவெளிகளை அளந்து எழுதி வைத்து, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். அவசரப்படுத்தாமல் இந்த வேலையைச் செய்து தரக்கூடிய டிங்கர்கள் பெங்களூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் என் வயதை ஒத்தவர்கள், அவர்களிடம் தொழில் பழகும் இளைஞர்கள் மிகவும் குறைவு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது இப்போதே தொடங்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, நன்கு ஊறிய பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருக்கும் எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டாரால் வலிந்து திருப்புவது பிஸ்டன் வளையங்களை உடைக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், ஓடாமல் நின்ற காரில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருவேறிச் சிக்கியிருக்கும். பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் பார்த்த மாத்திரத்தில் மாற்றிவிட வேண்டும். முன்சக்கரங்களைத் தாங்கும் பித்தளை டிரனியன்களுக்குக் கிரீஸைத் திணிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அவற்றுக்கு வேண்டியது கியர் எண்ணெய். அது கிடைக்காத மரை தேய்ந்து, செங்குத்துத் தண்டு ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும் அபாயம் உண்டு. இன்றைய கார்களுக்கு மாறாக, தொடக்க கால ஸ்பிட்ஃபயர்களில் பாட்டரியின் நேர்முனைதான் பாடியுடன் இணைக்கப்பட்டிருக்கும் என்பதை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எரிபொருள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கார் நின்றிருந்த காலத்தில் பெட்ரோலே மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது; அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்து வந்தது என்பதால், ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினமான எஃகு வளையங்களை லேத் பட்டறையில் பொருத்திக்கொள்வது நல்லது. அடுத்ததாக, 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில் நடந்த விழாவில்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் சீல்களையும் இளக்குகிறது. ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் காரின் டாங்கில் நீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகைக் குழாய்களை மாற்றுவதற்கும், நிறுத்துவதற்கு முன் டாங்கைக் காலி செய்வதற்கும் ஆகும் செலவு மிகச் சிறியது.

இவ்வளவும் உரிமையாளரின் கையில் இருப்பவை. அரசின் கையில் இருப்பது ஒன்று. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை விண்டேஜ் என்று தனியே பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டிகள் தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை, எம்.ஒய். என்று தொடங்கும் மைசூர் மாநிலக் காலத்து எண்ணைச் சுமந்து நிற்கும் கார்களுக்குப் பெரிய கௌரவம். கண்காட்சி, ஆய்வு, விண்டேஜ் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடும் நியாயமானதே.

ஆனால் வாகனம் அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஆய்வுக்கு வரும் அதிகாரி எப்படிப் பொருள் கொள்வார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அழுகிய சில்லை அதே அளவிலும் அதே வடிவிலும் புதுத் தகடு கொண்டு கட்டுவது, மூல வடிவத்தைக் காப்பாற்றும் ஒரே வழி. அதை மாற்றம் என்று எழுதிவிட்டால் ஒழுங்காகச் சீரமைத்தவர் தண்டிக்கப்படுவார், துருவின் மேல் பெயின்ட் அடித்தவர் தப்பிவிடுவார். பழைய அளவுகளையும் வேலையின் படிநிலைகளைக் காட்டும் புகைப்படங்களையும் சான்றாக ஏற்று, அத்தகைய பழுதுநீக்கத்தைப் பராமரிப்பாகவே கருத வேண்டும் என்று கர்நாடகப் போக்குவரத்துத் துறை தன் வட்டார அலுவலகங்களுக்குத் தெளிவான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதுவரை, கொட்டகையில் கார் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஆர்.சி. புத்தகத்தையும் பழைய வரி ரசீதுகளையும் இறக்குமதி ஆவணங்களையும் காரைவிடப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும். எடைக்கு விலை பேச வருபவரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்த பின் அந்தக் காரைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு