செயலாளர் ஆண்டறிக்கை (கடிகாரத் தகராறு உட்பட)

நம் செஸ் கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஞாயிறு வகுப்புகள் மழை நாட்கள் தவிர ஒழுங்காக நடந்தன, பள்ளி மாணவர் போட்டியும் நல்லபடியாக முடிந்தது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் டீ இடைவேளைக்குள் கட்டிவிடுங்கள். சரி, மீதி அறிக்கை முழுவதும் கம்ப்யூட்டர் செஸ் போட்டியைப் பற்றித்தான், ஏனென்றால் அதில் நடுவராக உட்கார்ந்து குழப்பியது நான்.

கல்லூரி மாணவர்கள் தாங்களே எழுதிய ப்ரோகிராம்களை லேப்டாப்பில் கொண்டுவந்தார்கள். யோசிப்பது ப்ரோகிராம், காய் நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டுவது ஆபரேட்டர். தட்டினால்தான் தன் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். எதிராளியின் நகர்வை லேப்டாப்பில் போட்டு, பதிலைப் பார்த்து, பலகையில் வைத்துத் தட்டுவதற்குள் 5 வினாடி போய்விடும். 60 நகர்வுக்கு 5 நிமிடம், ஆளுக்கு 15 நிமிட ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு! லேப்டாப்புக்கு இது தெரியாது, நேரம் நிறைய இருக்கிறதென்று நிதானமாக யோசித்துக்கொண்டிருக்கும். நகர்வுக்கு நகர்வு வினாடி கூட்டித் தரும் டிஜிட்டல் கடிகாரம் இருந்தால் பாதிக் கவலை தீரும். முன்னாள் உலக செஸ் சாம்பியன் பாபி ஃபிஷர் 1988இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த சங்கதி அது, நம் அலமாரியில் இன்னும் முள் கடிகாரம்தான்.

காலையில் ஓர் ஆபரேட்டர் காயை வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்ட மறந்தார். எதிரில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை, நேரம் தீர்ந்ததைக் காட்டும் கொடி கடிகாரத்தில் விழுந்தது, தோல்வி என்றேன். விதிப்படி சரிதான், எதிராளி நினைவூட்டக் கடமைப்பட்டவர் அல்ல. மதியம் இன்னொரு மேசையில் லேப்டாப் 2 நிமிடம் மிச்சம் காட்டும்போதே மேசைக் கடிகாரத்தில் கொடி விழ, பாவம் பார்த்து அந்த 2 நிமிடத்தைக் கொடுத்து ஆடவிட்டேன். அந்தப் பையன் ஜெயித்துவிட்டான். அவன் என் ஞாயிறு வகுப்பு மாணவன். "சார், காலையில இந்த மனசு எங்க போச்சு?" என்று தோற்ற பையனின் அப்பா கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2003இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலக கம்ப்யூட்டர் செஸ் போட்டியில், ஷ்ரெடர் என்ற ப்ரோகிராமுக்கு எதிராக ஆடிய ஜானி என்ற ப்ரோகிராம் ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டதென்று திரையில் காட்டியது. அப்படி வந்தால் டிரா கேட்கலாம். ஆபரேட்டர் டிரா கேட்காமல் தொடர்ந்தார், கடைசியில் ஷ்ரெடர் ஜெயித்தது. பட்டத்துக்குப் போட்டியிட்ட இன்னொரு ப்ரோகிராமான ஃப்ரிட்ஸின் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தும் முடிவு மாறவில்லை. அந்த முழுப் புள்ளியோடு ஷ்ரெடர் ஃப்ரிட்ஸுடன் சமநிலைக்கு வந்து, சமநிலையை முறிக்க நடந்த தனிப் போட்டியில் பட்டத்தையும் எடுத்தது. ஆபரேட்டர் வெறும் கையா, அவருக்கும் தீர்மானிக்கும் உரிமை உண்டா? இதை முதல் சுற்றுக்கு முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், நாம் ஒட்டவில்லை.

மதிய ஆட்டத்தின் முடிவைச் செயற்குழு திருத்திவிட்டது, பரிசுத்தொகை வித்தியாசத்தை நான் கொடுத்துவிட்டேன். இனி தன் மாணவர் ஆடும் மேசைக்கு யாரும் நடுவராக இருக்கக் கூடாது, மேசைக் கடிகாரம் காட்டுவதே கணக்கு என்று இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். அப்புறம் டிஜிட்டல் கடிகாரம். அதற்குப் பொருளாளர் முகத்தைப் பார்த்துக் கை தூக்குங்கள்.