வரைபடத்தில் இல்லாத கண்: கட்டட ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் மேசைக்கு வரும் வீட்டு வரைபடம் எல்லாமே மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தவை. கேட் எங்கே, அதன் அகலம் எவ்வளவு, எதிரே உள்ள சாலை எத்தனை மீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்த கேட்டைத் தாண்டித் தினமும் வெளியே வரப்போகிறவர் பறவை இல்லையே. காருக்குள் உட்கார்ந்தால் அவர் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கும். சாலைப் பொறியாளர்கள் அதைப் பல நாடுகளில் 1.05 முதல் 1.2 மீட்டர் வரை என்று கணக்கில் வைக்கிறார்கள். அந்த உயரத்திலிருந்து என்ன தெரியும் என்று வரைபடத்தில் யாரும் கேட்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, ஹாரன் அடித்துவிட்டுக் காரை ஊர்ந்தபடியே கேட்டுக்கு வெளியே எடுத்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். சுவர் விளிம்பைத் தாண்டி எனக்குச் சாலை தெரிந்தபோது பானட் ஏற்கெனவே நடைபாதையை மறித்து நின்றது. கிறீச்சென்று சத்தம். சைக்கிளில் வந்த ஒரு சிறுமி என் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில் கால் ஊன்றி நின்றாள். ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவள் திட்டவில்லை. திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை டேப் எடுத்து அளந்தேன். பம்பர் நுனியிலிருந்து என் கண் இருக்கும் இடம் வரை 2.2 மீட்டர். அதாவது வண்டி முதலில் வருகிறது, கண் பின்னால் வருகிறது. எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ரிவர்ஸில் வந்தால் இன்னும் மோசம். அதனால்தான் உள்ளே போகும்போதே பின்பக்கமாக நுழைத்து, முகம் சாலையைப் பார்க்க நிறுத்தச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

சாலையில் வருகிறவர் பக்கமிருந்தும் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். என் பானட்டைக் கண்டு அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி, 21 மீட்டர் கரைந்துவிடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 14 மீட்டராவது வேண்டும். ஆக 35. மழை நாளில் அதுவும் போதாது. பிரிட்டனில் ஏறக்குறைய இதே வேகத்துக்கு, சாலை விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே இருக்கும் கண்ணுக்கு 43 மீட்டர் தூரம் தெரிய வேண்டும் என்று வழிகாட்டுதலே வைத்திருக்கிறார்கள். கண்ணிலிருந்து சாலையின் இரண்டு பக்கமும் அந்தத் தூரம் வரை கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். நான் கேட்பது அந்த முக்கோணத்தைத்தான்: ஒவ்வொரு வரைபடத்திலும் அதைக் குறிக்கச் சொல்லுங்கள், அதற்குள் முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கம்பி கிராதி வைத்தால் போதுமே என்பார்கள். நேரே நின்று பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே எல்லாம் தெரியும்தான். ஓட்டுநர் பார்ப்பது சாய்கோணத்தில். அங்கிருந்து கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவராகிவிடும். எதிர்ப்பக்கத்துக் கம்பத்தில் மாட்டும் குவிகண்ணாடியும் அப்படித்தான். அதில் வருகிற வண்டி சிறிதாக, தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். பனியில் அதுவும் தெரியாது. பழைய வாசல்களுக்கு அது ஒரு துணை, அவ்வளவுதான். புது வீட்டுக்கு அதைக் காட்டி ஒப்புதல் கேட்டால் தராதீர்கள்.

செடி வேறு வளரும். ஒப்புதல் நாளில் கணுக்கால் அளவு இருந்த வேலிச்செடி மூன்றாம் வருடம் கூரையை எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை: மின் பெட்டி, குப்பைத் தொட்டி என்று வாசலோரம் கொண்டுவந்து வைப்பது பெரும்பாலும் பொதுத்துறைகள்தான். அந்த முக்கோணம் அவர்களுக்கும் பொருந்தட்டும்.

இன்னொன்று. கட்டி முடித்த பிறகு பார்வையிட வருகிறீர்கள் அல்லவா? அன்று ஒரு காரை வாசலில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வாசலுக்கு வெளியே யாரையாவது நடக்கவிட்டு, எப்போது கண்ணில் படுகிறார் என்று கவனியுங்கள். அதிலேயே முடிவு தெரிந்துவிடும். ஏற்கெனவே கட்டிய சுவரைத் தாழ்த்த நினைப்பவர்களுக்கும் அனுமதியை எளிதாக்குங்கள். பாதுகாப்புக்காக ஒருவர் தன் சுவரைத் தானே உடைக்க வரும்போது அலைய விடாதீர்கள்.

என் வீட்டில் கேட்டின் இரு பக்கமும் இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சுவரை முழங்கால் உயரத்துக்கு இறக்குகிறேன். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "நல்ல சுவரை எதுக்கு இடிக்கணும்?" என்றார். பதில் சொல்லாமல் காரைக் கேட்டருகே நிறுத்தி அவரை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தேன். இடமும் வலமும் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, கோடு போடச் சுண்ணக்கட்டி கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுக்காரர்