நான்கு பள்ளி பேண்டுகளுக்குப் பொதுவாக ஒரு புதிய படைப்பு: நன்கொடை வேண்டுகோள்

பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்கள் வாசிப்பதற்கென்றே ஐந்து நிமிடப் படைப்பு ஒன்றைச் சிங்கப்பூர் இசையமைப்பாளர் ஒருவரிடம் எழுதி வாங்கவிருக்கிறோம். ஆகும் செலவு 9,000 வெள்ளி. நான்கு பள்ளிகளும் தரும் பங்கு போக எஞ்சும் 4,000 வெள்ளிக்காக உங்களை நாடுகிறோம்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பலர் அதற்கு முன் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. முதல் சில மாதங்களில் கைவருபவை ஏறக்குறைய ஆறு சுரங்கள். மேற்கத்திய இசையின் பி பிளாட் சுரத்தைச் சட்ஜமாக வைத்தால் ச, ரி, க, ம, ப, த. கிளாரினெட் வாசிக்கும் பிள்ளை அதற்கு மேலே ஏறினால் விரல்கள் தடுமாறும். கீச்சென்ற சத்தம்தான் வரும்.

இந்த அளவுக்குள் அடங்கும் இசைத்தாள்கள் கடையில் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றிலும் மெட்டு, கிளாரினெட் வாசிப்போரில் முதல் குழுவுக்கும் டிரம்பெட்டுக்கும் போய்விடும். அடித்தளச் சுரங்களை ஊதும் பெரிய பித்தளை வாத்தியமான டியூபாவுக்குச் சட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி வரும். மற்ற நேரமெல்லாம் தாளத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஓராண்டு இப்படி வாசித்த பிள்ளை பேண்டை விட்டு விலகினால் எங்களுக்கு வியப்பில்லை.

இளையோருக்கு எழுதுவதைப் பெரிய இசையமைப்பாளர்கள் தாழ்வாக நினைப்பதில்லை. 2010இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்கர் ஜெனிஃபர் ஹிக்டன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி பேண்டுகளுக்காக ‘ரிதம் ஸ்டாண்ட்’ எழுதினார். அதில் பிள்ளைகள் இசைத்தாள் தாங்கியையே தட்டித் தாளம் எழுப்புகிறார்கள். பள்ளி பேண்டுகளும் பங்கேற்கும் சிங்கப்பூர் இளையர் விழா தொடங்கியது 1967இல். பள்ளி பேண்டுகளுக்கு அத்தனை நீண்ட வரலாறு உள்ள ஊரில், தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு மட்டும் வெளியூர்ச் சரக்கே போதும் என்று விட்டுவிட எங்களுக்கு மனமில்லை.

மேலே சொன்ன ஆறு சுரங்களில் மத்தியமத்தை (ம) நீக்கினால் மோகன ராகம்! சீன நாட்டுப்புற மெட்டுகள் பலவும் இதே ஐந்து சுரங்களில்தான் நடக்கின்றன. இதைத்தான் இசையமைப்பாளரிடம் முதலில் சொன்னோம். ஒரு பகுதி ஏழு எண்ணிக்கையில் அமைய வேண்டும் என்றும் கேட்டோம். தொடக்க நிலைக்கு அது கடினம் என்பார்கள். ‘தகிட தகதிமி’ என்று இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்த்த பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்காது. சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகத்தைக் கேட்கவில்லை, அந்தப் பேராசை எங்களுக்கு இல்லை. டியூபாவுக்கும் கிளாரினெட்டின் மூன்றாம் குழுவுக்கும் ஓரிடத்திலாவது மெட்டு வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஓபோ, பசூன் ஆகிய ஊதும் வாத்தியங்கள் இல்லாத பேண்டும் வாசிக்கும்படி, அவற்றுக்கான வரிகள் மற்ற வாத்தியங்களிலும் எழுதப்படும்.

9,000 வெள்ளியில் 6,000 இசையமைப்பாளரின் ஊதியம். ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தாள்களைத் தயாரித்து அச்சிட 1,000. இசையமைப்பாளர் நான்கு பள்ளிகளுக்கும் வந்து ஒத்திகை பார்ப்பதற்கும் ஒலிப்பதிவுக்கும் 2,000. குழுவினர் யாருக்கும் ஊதியமில்லை.

20 வெள்ளியும் உதவும், 200 வெள்ளியும் உதவும். உங்கள் பள்ளியின் பேண்டு பொறுப்பாசிரியரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். விரும்புவோரின் பெயர் இசைத்தாளின் முதல் பக்கத்தில் அச்சாகும். வேண்டாம் என்பவர்கள் ரசீதிலேயே குறித்துவிடலாம். தொகை குறைந்தால் ஒலிப்பதிவைக் கைவிடுவோம், ஒத்திகைகளைக் கைவிட மாட்டோம். மிஞ்சினால் நான்கு பேண்டுகளுக்கும் கிளாரினெட் ரீடு (ஊதும் முனையில் பொருத்தும் மெல்லிய பட்டை) வாங்குவோம். அது எப்போதும் பற்றாக்குறைதான்.

இங்ஙனம்,
நான்கு பள்ளி பேண்டுகளின் கூட்டுக் குழு