பிடியரிசிக் கஞ்சி

காரைக்குடி,
லெந்து காலம், மூன்றாம் வாரம்.

அன்பு நண்பனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலி குறையவில்லை, உன் அண்ணிக்குச் சர்க்கரை குறையவில்லை. மற்றபடி குறை சொல்ல ஏதுமில்லை. மாசி முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. எங்கள் தெரு முனை ஊருணியில் தண்ணீர் மூன்று படி கீழே இறங்கியிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் மனைவி, என் தங்கை, மறைந்து எட்டு மாதம் ஆகியும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி கட்டிக்கொண்டு வாசல்வரை வந்து, ஆலயமணி கேட்டதும் திரும்பி உள்ளே போய்விடுவதாக எழுதியிருந்தாய். நல்லடக்கத்தன்று உன் கையைப் பிடித்து "நம்பிக்கையோடு இருங்கள்" என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு உன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை என்ற வரியைப் படித்தபோது, அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பது உறைத்தது. வந்தேன், அந்தச் சொல்லைச் சொன்னேன், இரவுப் பேருந்தில் திரும்பிவிட்டேன். இடையில் நாலைந்து முறை தொலைபேசியில் பேசியதெல்லாம் கதவைத் தட்டிய கணக்கில் சேராது. ஆகையால் இந்தக் கடிதத்தில் உனக்கு ஆறுதல் சொல்லப் போவதில்லை. "உங்கள் சின்னச் சபை அங்கே என்னதான் செய்துகொண்டிருக்கிறது?" என்று கடைசியில் கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கு மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிடியரிசிக் காணிக்கை உனக்கு நினைவிருக்கும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நம் அம்மாக்கள் பஞ்ச காலத்திலும் அதை விட்டதில்லை. எங்கள் சபையில் இன்றும் பெண்கள் அதைத் தொடர்கிறார்கள். ஆனால் கொட்டிய அரிசியை என்ன செய்வது என்பதுதான் பல வருடங்களாகத் தலைவலி. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அரிசி இல்லாத வீடு என்று தேடிக்கொண்டு போனால் எளிதில் அகப்படாது. ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். பொன்னியும் ரேஷன் அரிசியும் இட்லி அரிசியும் பச்சரிசியும் ஒரே சாக்கில் கலந்து கிடப்பதை யார் ஏலம் எடுப்பார்கள்? கோழி வளர்க்கும் ஒருவர் இரக்கப்பட்டு எடுப்பார்.

இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவன் நான்தான். பேசிவிட்டு, நியாயமாகப் பேசினோம் என்ற திருப்தியோடு உட்கார்ந்தேன். பின்வரிசையிலிருந்து, சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு விதவைப் பெண் எழுந்தார். "ஐம்பது ரூவா எங்கிட்ட மாசத்துல பாதி நாளு இருக்காது சார். அரிசி என்னைக்கும் இருக்கும். நான் குடுக்குறத ஏன் நிறுத்தச் சொல்றீக?" என்றார். கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. நான் முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்தவன். கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்ற நாள்கள் குறைவு. அன்று அவற்றில் ஒன்று கூடியது.

அந்தப் பெண்ணே அடுத்த யோசனையையும் சொன்னார். அவர் தம் கணவரை அரசு மருத்துவமனையில் பதினெட்டு நாள் வைத்துப் பார்த்தவர். படுக்கையில் இருப்பவருக்கு அங்கே சாப்பாடு வந்துவிடும். கூட இருப்பவருக்கு யார் தருவார்கள்? தூரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் கைக்காசை ஸ்கேனுக்கும் ஆட்டோவுக்கும் வைத்துக்கொண்டு, டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வாரத்தில் ஒரு காலையாவது கஞ்சி கொடுப்போம் என்றார். பெண்கள் சங்கத்தார் அங்கேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆண்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்.

முதல் வியாழக்கிழமை கஞ்சி கெட்டுப்போயிற்று. பச்சரிசி கரைந்து குழம்பாகியிருக்க, இட்லி அரிசி பல்லில் கடிபட்டது. கலப்பரிசியை ஒரே பதத்தில் வேகவைப்பது எப்படி என்று ஆளுக்கு ஒரு வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிதான் வழி காட்டினார்கள். எண்பத்தொரு வயது, எட்டுக் கட்டு வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண்ணோடு தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு. "வாத்தியார் தம்பி, அரிசி சாதி பார்க்கத்தான் செய்யும். மில்லுக்கு அனுப்பி உடைச்சுக் குருணையாக்கிப்புடுங்க. உடைஞ்சபெறகு எல்லாம் ஒண்ணுதேன்" என்றார்கள். அப்படியே செய்தோம். லேசாக வறுத்து, குருணையாக உடைத்து, பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் சேர்த்து, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்றினால், நான்கு வகை அரிசி என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல்.

ஆச்சி வழி சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். கழுத்தில் அவர்கள் அப்பச்சியின் தலைப்பெழுத்துகள் வெட்டியிருக்கின்றன. உள்ளே ஈயம் பூசி இருபது வருடமாவது ஆகியிருக்கும். ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடிக்க எனக்கு நான்கு நாளாயிற்று. மாதத்துக்கு ஒரு தொகையும் தருகிறார்கள். ரசீது எழுதப் போனபோது, "நன்கொடைன்னு எழுதாதீக, மகமைன்னு எழுதுங்க" என்றார்கள். உனக்குத் தெரிந்ததுதான்: பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் செட்டியார்கள், வருவாயில் ஒரு பங்கை மகமை என்று பிரித்துக் கோயிலுக்கும் கல்விக்கும் ஒதுக்கி வந்தார்கள். கொடுப்பவன் கை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே பிரிந்துவிடுகிற பணம் அது. உலையில் விழுவதற்கு முன்பே பிரிந்துவிடுகிற பிடியரிசியும் அந்த முறையில்தான் நடக்கிறது. லுத்தரன் சபைக் கணக்குப் புத்தகத்தில் மகமை என்று ஒரு தலைப்பு இருப்பது உலகத்திலேயே எங்கள் புத்தகத்தில் மட்டுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் சபைப் போதகரான ஐயரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

இப்போது மருத்துவமனைக்கு வருகிறேன். வார்டுக்குள் வேண்டாம், வாசலையொட்டி வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்குள்ள செவிலியர் சொல்லிவிட்டார், அதுவே சரி. காலை ஏழு மணிக்கு அண்டாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். முதல் வாரம் நான் என் பையில் நம்பிக்கையைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் நூறு வைத்திருந்தேன். ஐயர் பார்த்துவிட்டு, "அதைப் பையிலேயே வையுங்கள் சார், கஞ்சி வாங்க வருகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும்" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

இரண்டாவது வாரம் ஒரு பாட்டி வந்தார். தம்ளர் இல்லை; டிபன் கேரியரின் மூடியைக் கவிழ்த்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். மூடியில் எவ்வளவு பிடிக்கும்? ஊற்றுகிற கஞ்சி விளிம்பில் வழிந்து அவர் விரலில் பட்டது, கையை எடுக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து குடித்துவிட்டு மறுபடி வந்து நீட்டினார். மூன்றாம் முறை வந்தபோது மூடியை நீட்டவில்லை. இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, இதை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இரத்தப் பரிசோதனைச் சீட்டு. முதல் நாள் காலையிலிருந்து இடுப்பிலேயே இருந்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்டால் திட்டுவார்களோ என்ற பயத்தில், ஒரு பகலும் ஒரு இரவும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அழைத்துக்கொண்டு போய்ச் சரியான ஜன்னலில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நிமிட வேலை. திரும்பும்போது, "நாளைக்கும் வருவீகளா அப்பு?" என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமைதான் வருவோம் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் இல்லை. வீட்டுக்காரர் தேறி ஊருக்குப் போனார்களா, வேறு மாதிரியாகப் போனார்களா என்று விசாரித்தும் தெரியவில்லை. அவர் எண்ணிய விரல்கள் மட்டும் என் மனத்தில் நின்றுவிட்டன. நம்பிக்கையைப் பற்றி நாற்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பாட்டி என்னிடம் கேட்டது அதில் எந்தப் பாடத்திலும் இல்லை. நீ மறுபடி வருவாயா, எந்தக் கிழமை என்றுதான் கேட்டார். அந்த மாதமே கூட்டத்தில் பேசி, திங்கள் வியாழன் என்று வாரத்துக்கு இரண்டு நாளாக்கினோம். எங்கள் அரிசிக்கும் ஆளுக்கும் அதற்கு மேல் தாங்காது. இப்போது என் வேலை கஞ்சி ஊற்றுவதில்லை. பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு சீட்டு வாசித்துச் சொல்வதுதான்.

உங்கள் ஊர்ச் சபையில் நடக்கும் சண்டைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். இங்கேயும் இல்லாமலில்லை, அண்டாவுக்கு ஈயம் பூசிய செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்கே ஒரு மாலை முழுவதும் போயிற்று. 1523-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் லைஸ்னிக் என்ற சிறு நகரத்தின் சபையார் ஏழைகளுக்கென்று ஒரு பொதுப் பெட்டி வைத்தார்கள். நம் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரே அந்தப் பெட்டியின் விதிமுறைகளுக்கு முன்னுரை எழுதி அச்சிட்டார். பிரபுக்களிலிருந்து விவசாயிகள்வரை பத்துப் பேர் பொறுப்பாளர்கள். பெட்டிக்கு நான்கு பூட்டு, ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு சாவி. ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது பூட்டுகளின் எண்ணிக்கையிலேயே தெரிகிறது. அப்படியும் நகரசபை, பெட்டிக்குச் சேர வேண்டிய சொத்துகளை ஒப்படைக்க மறுத்து, லூத்தர் இளவரசரிடம் முறையிட வேண்டியதாயிற்று. சபைச் சண்டை நமக்குப் புதிதாக வந்த வியாதி இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

மருத்துவமனைக்குப் போனால் நோய் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து, சபையில் சிலர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது லூத்தர் ஊரை விட்டுப் போகாமல் நோயாளிகளைத் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். ஆனாலும், மருந்து சாப்பிடு, வீட்டுக்குத் தூபம் போடு, உன் உதவி தேவைப்படாத இடத்துக்குப் போகாதே என்றுதான் கேட்டவர்களுக்கு எழுதினார். அயலானுக்கு உன் உதவி தேவை என்றால் மட்டும் தயங்காதே என்றார். ஆகவே நாங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்கிறோம்.

தரங்கம்பாடியில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது, மாலையில் டேனிஷ் கோட்டை மதிலில் உட்கார்ந்து கடலையைக் கொறித்துக்கொண்டு கடலைப் பார்ப்போமே, அந்தக் கோட்டையில்தான் ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயரை நான்கு மாதம் அடைத்துவைத்திருந்தார்கள். 1706-இல் கப்பலிலிருந்து இறங்கியவர், 1708 முடிவதற்குள் சிறைக்குப் போனார். தேர்வுக்காக வருடங்களை மனப்பாடம் செய்தோமே தவிர, எதற்காகப் போனார் என்பதை நாம் யோசித்ததில்லை. இறந்துபோன கணவரின் கடன் வழக்கில் ஒரு விதவைக்கு அநியாயம் நடக்கிறதென்று அவர் இடையில் புகுந்து பேசியதிலிருந்துதான் கோட்டைத் தலைவரோடு பகை முற்றியது. அவர் அச்சிட்ட புதிய ஏற்பாட்டைப் பற்றி நூறு கூட்டங்களில் பேசியிருக்கிறேன்; அந்த விதவையைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. முக்காலியில் உட்கார்ந்து சீட்டு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் நினைவுக்கு வருகிறார்.

என் அம்மா என்னைப் பெற்றது திருப்பத்தூரில், சுவீடன் மிஷனரிமார் கட்டிய மருத்துவமனையில் என்பது உனக்குத் தெரியும். அப்பா வெளியே மரத்தடியில் இரண்டு இரவு இருந்தாராம். யாராவது ஒருவர் அவருக்குக் கஞ்சி கொடுத்திருப்பார். கேட்டுவைக்காமல் போய்விட்டேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பெரிய வெள்ளிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எங்கள் பெண்களில் இருவர் மகள்களின் பிரசவத்துக்குப் போய்விட்டார்கள். புதன் இரவும் ஞாயிறு இரவும் இரண்டு கிலோ பூண்டு உரிக்க வேண்டும். நானும் உன் அண்ணியும் உரித்து மாளவில்லை. நீ வந்து இரண்டு வாரம் இருந்தால் பெரிய உதவியாக இருக்கும். ஆலயத்துக்கு வரும்படி நான் கூப்பிட மாட்டேன். பூண்டு நம் வீட்டுத் திண்ணையில்தான் உரிக்கிறோம். திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக ரயிலில் வந்தால் பேருந்தைப் போல இடுப்பு ஒடியாது. வருகிற திங்கட்கிழமை கஞ்சி முடிந்ததும் மயிலாடுதுறைக்கு ரயில் ஏறுகிறேன். இரவுக்குள் உன் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவேன். சேர்ந்தே திரும்பலாம். வியாழன் காலைக்குள் நான் இங்கே இருக்க வேண்டும். ஆகவே பெட்டியைக் கட்டி வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.