அம்மை போட்ட பிள்ளையை எந்த விமானத்தில் ஏற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றுநோய் வந்தால் என்ன செய்வது என்று அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கை கழுவுவது, முகக்கவசம், சத்தான சாப்பாடு எல்லாம் சரி. கடைசிப் பத்தியில்தான் உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நோய் கண்ட பிள்ளையைத் தனி அறையில் வைக்க வேண்டுமாம். கூடிய சீக்கிரம் ஊருக்கு வரவழைத்துக்கொள்வதுதான் பெற்றோருக்குப் புத்திசாலித்தனமாம். அதைப் படித்த பிறகு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

எந்த விமானத்தில் ஏற்றி வரவழைப்பது என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள்.

நான் பாலக்கோடு வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஊசி போட்டவள். என் இளைய மகள் ஜார்ஜியா நாட்டில், திபிலீசி நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு அம்மை போட்டது. சின்னம்மைதான். ஆனால் குழந்தைக்கு வருவது வேறு, இருபது வயதுக்கு மேல் வருவது வேறு. பெரியவர்களுக்கு நுரையீரல் வரைக்கும் போகும். உங்கள் கட்டுரையாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை.

தனி அறை என்கிறாரே, அந்த வீட்டில் இரண்டு அறை, ஐந்து பெண்கள். வெளியே பனி கொட்டுவதால் ஜன்னலைத் திறக்கவே முடியாது, ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சின்னம்மை காற்றில் பரவுவது. முதல் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும். அதாவது தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்று தெரிய வருவதற்குள் ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும். உடம்புக்குள் நுழைந்தது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அந்த மூன்று வாரமும் கூட இருக்கிறவர்களில் இதுவரை அம்மை போடாத பிள்ளைகள் தினம் கண்ணாடி முன் நின்று முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போக வேண்டியதுதான்.

அவள் வீடியோவில் கூப்பிட்டபோது எனக்கு ராத்திரி பத்தரை. அவர்களுக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நெற்றியில் மூன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. "அம்மா, இது பருவா, அதுவா?" என்கிறாள். போனைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். தண்ணீர் கோத்து, சுற்றிலும் சிவந்து இருந்தது. சந்தேகமே இல்லை. "விடியட்டும்னு இருக்காதே கண்ணு, இப்பவே டாக்டரைப் பார்" என்றேன். பெரியவர்களுக்கு அசைக்ளோவிர் மாத்திரையை முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதற்குள் பக்கத்தில் என் மாமியார், "தண்ணி எப்ப ஊத்துவாங்க, வேப்பிலை கிடைக்குமா கேளு" என்று ஆரம்பித்துவிட்டார். திபிலீசியில் வேப்பிலைக்கு எங்கே போவது? மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக இங்கேயே வேண்டிக்கொண்டோம்.

கல்லூரியில் சேரும்போது கட்டிய காப்பீட்டில் அம்மைக்கு இடமில்லை என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா மறுநாளே ஐந்து பேரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை, அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சேர்த்துவிட்ட ஏஜென்டுக்குப் போன் போட்டால், "மேடம், அட்மிஷன் வரைக்கும்தான் எங்க பொறுப்பு" என்றார். பணம் வாங்குகிறபோது அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என் மகளைப் பார்த்துக்கொண்டது ஒரு கேரளத்துப் பெண். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போயிருந்தது, அதனால் தைரியமாக உள்ளே போனாள். மற்ற மூவரும் ஒரு அறையில் நெருக்கிப் படுத்துக்கொள்ள, கஞ்சியை எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக் கதவோரம் வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள். அந்தப் பிள்ளை இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

நோயாளியோடு இருந்தவர்களுக்கு மூன்று நாளுக்குள் சின்னம்மைத் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம், வந்தாலும் தணிவாக வரும். உங்கள் அரைப் பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. ஊருக்குக் கூப்பிடுங்கள் என்பதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றவும் கூடாது. ஒரு பேச்சுக்கு, பவுடர் பூசி மறைத்துக்கொண்டு அவள் ஏறியிருந்தால்? சார்ஜாவில் இறங்கி, அங்கிருந்து பெங்களூரு வந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரிக்குப் பேருந்தில் வர வேண்டும். பக்கத்து சீட்டில் மாசமான பொண்ணு ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் யார் பதில் சொல்வது? புத்திசாலித்தனமாம்.

வகுப்பு விஷயத்துக்கும் வருகிறேன். அங்கே படித்துவிட்டு இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டில் 54 மாதம் படிப்பு, 12 மாதம் பயிற்சி, எல்லாம் ஒரே கல்லூரியில், நேரில் முடித்திருக்க வேண்டும். நினைத்தபோது வந்து நினைத்தபோது போக அது மாமியார் வீடு இல்லை. ஊருக்கு வந்தவர்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு அந்த நாடு மறுபடி விசா கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். எங்கள் தெருப் பையன் ஒருவன் அதுவரைக்கும் அப்பாவோடு தக்காளி மண்டியில் கூடை எண்ணிக்கொண்டே செல்போனில் உடற்கூறியல் படித்தான். கொரோனாவாலும் உக்ரைன் போராலும் திரும்பி வந்த கடைசி வருடப் பிள்ளைகளுக்கு இங்கே ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி என்று 2022 ஜூலையில் ஆணையம் சொன்னது. ஊருக்குக் கூப்பிட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கொரோனா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020 மே 7 முதல், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்களில் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற ஸ்டிக்கரை அவர்கள் வீட்டு வாசலில் ஒட்டியது என் கை. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பெண்ணின் அம்மாவைத் தெருக் குழாயில் குடம் வைக்க விடவில்லை. மகளுக்குப் பரிசோதனை முடிவில் ஒன்றுமே இல்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி 2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே கொரோனா இல்லாத ஒரே பச்சை மண்டலமாக இருந்தது, அதைக் கெடுக்க வந்தவர்கள் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கரித்துக்கொட்டியவர்கள் எத்தனை பேர்! பத்திரிகைகளும் அதில் சும்மா இருக்கவில்லை, பழைய தாள்கள் உங்களிடம் இருக்கும். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி ஊகானில் மருத்துவம் படித்த திருச்சூர் மாணவி. 2020 ஜனவரி 30 அன்று உறுதியானது. அந்தப் பெண் ஒளிந்துகொள்ளவில்லை, தானே சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னவள். பிள்ளைகள் சொல்லத் தயார்தான், கேட்கிற இடத்தில் ஆள் இருந்தால்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிற நம் பிள்ளைகளுக்குக் காசநோய் இல்லையென்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்று கேட்கிறது பிரிட்டன். அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை போட்ட சான்று கேட்கின்றன. அவர்கள் நாட்டுக்காக அவர்கள் கேட்கிறார்கள், நியாயம். கேட்காத நாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு?

நம் அரசு அட்டவணையில் சின்னம்மைக்கு ஊசி கிடையாது. பொன்னுக்கு வீங்கிக்கும் கிடையாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடத்தினோம், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. வாட்ஸ்அப் புரளியை நம்பிப் பள்ளிக்கூட வாசலிலேயே எங்களைத் திட்டி, பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அன்றைக்கு விட்டுப்போன பிள்ளைகள்தான் இன்று வெளிநாட்டு விடுதிகளில் இருக்கிறார்கள்.

சின்னம்மை ஊசியை வெளியே காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு தவணை, குறைந்தது நான்கு வாரம் இடைவெளி. மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு மஞ்சள் காமாலை பி ஊசி கட்டாயம் வேண்டும், நாளைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊசி கையில் குத்தினால் என்ன ஆவது? அது மூன்று தவணை, முடிய ஆறு மாதம். ஏஜென்டுகளோ விசா வந்த மறுவாரம் பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள். பெட்டியில் இட்லிப் பொடி, ஊறுகாய், குக்கர் எல்லாம் போகிறது. தடுப்பூசி அட்டை வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது.

பிள்ளையை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பினாய் என்று கேட்பீர்கள். தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008ல், கிருஷ்ணகிரிக்கு 2022ல். அதில் இடம் கிடைக்காதவர்கள் இங்கே தனியாரிடம் போக வேண்டுமானால் இருக்கிற புளியந்தோப்பை விற்றாலும் போதாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நீட் முடிவு வந்த வாரத்திலிருந்து உங்கள் பத்திரிகையில் முழுப்பக்கமாக வருகிற விளம்பரங்களைப் பார்த்துத்தான் எங்கள் ஊரே ஜார்ஜியா எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. "இந்திய உணவு, பாதுகாப்பான விடுதி" என்று பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டு அறையில் ஐந்து பேர் என்று எங்கும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை அந்த விளம்பரங்கள் வருகிற வாரத்தில், வெளிநாடு போகும் பிள்ளைகள் எந்தெந்த ஊசியை எத்தனை மாதம் முன்பே போட வேண்டும், நம் இரண்டு மாவட்டத்தில் எது எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டு வாங்கிக் கால் பக்கம் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களின் குறை கேட்கும் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் பிள்ளையின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் கூடவே ஒரு வரி சேருங்கள். அதை விளம்பரத்தின் பின்பக்கத்திலேயே போட்டால் இன்னும் நல்லது, அந்தத் தாளைத்தான் நாங்கள் வெட்டி எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.