‘நிரூபிக்கப்பட்ட’ இளமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், ‘தாவர ஆன்டிஆக்ஸிடன்ட்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்ற வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். யாரிடம், எப்போது நிரூபித்தார்கள் என்று ஒரு வரி சேர்க்க இடமில்லாமல் போனதும், அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் கேப்ஸ்யூல் விளம்பரத்துக்கு இடம் கிடைத்ததும் தற்செயல் என்றே நம்புகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். ஃப்ரீ ரேடிக்கல்கள் எனப்படும், சட்டென வினைபுரியும் மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால் மூப்பு வருகிறது என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956-இல் சொன்னது ஒரு கருதுகோள். அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டை விழுங்கினால் ஆயுள் கூடும் என்பது அதன்மேல் கட்டிய ஆசை. சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடம்பில் நடப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்) சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் 18 விழுக்காடு கூடியதாக 1994-இல் முடிவு வெளியானது.

என் தம்பி நாற்பது வருடமாகப் பீடி பிடிக்கிறான். தங்கள் கட்டுரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கும்பகோணம் போய், 1,850 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கி வந்து, சுவாமி மாடத்தில் விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதன் பொடியெழுத்தைப் படித்தேன். முதலில் இருப்பதே பீட்டா கரோட்டின்தான். வேண்டாமடா என்றால், ‘பேப்பர்லயே போட்டிருக்கான், ஒனக்கு என்னண்ணே தெரியும்?’ என்கிறான்.

இது முதல் முறையுமன்று. கருப்புக் கவுனி சாப்பிட்டால் நரை வராது என்று முன்பு எழுதினீர்கள். அரிசியின் கருமை தவிட்டுத் தோலிலுள்ள ஆந்தோசயனின், தலைமயிரின் கருமை மெலனின், இரண்டும் வேறு வேறு நிறமிகள் என்றும், பாலிஷ் போட்டால் அந்தத் தோலும் தவிட்டோடு போய்விடும் என்றும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘கட்டுரை அருமை’ என்று மரியாதைக்கு எழுதிய முதல் வரியை மட்டும், என் ஊர்ப்பெயரையும் மாற்றிப் பிரசுரித்தீர்கள். மஞ்சளைப் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையிலும் மஞ்சளின் நிறமியான குர்குமினின் புகழ்தான் இருந்தது. அது குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது என்ற செய்திக்கு வழக்கம்போல் இடமில்லை.

எங்கள் கொல்லையில் முருங்கையும் நெல்லியும் நிற்கின்றன; வேளை தவறாமல் சாப்பிடுகிறோம். உணவாக உண்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

நான் கேட்பது ஒரு வரிதான். புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிடக் கூடாது என்று, வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். அண்ணன் சொன்னால் கேட்காதவன், பேப்பரில் வந்தால் கேட்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மன்னார்குடி வட்டம்.